செருப்பு அச்சில் கடைந்த எட்டுத் தொப்பிகள்

நான் ஓர் எஞ்சினைக் கொன்றிருக்கிறேன். கை தவறி நடந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து, படம் வரைந்து, அளவெடுத்து, எடை போட்டு, அதன் பிறகுதான் கொன்றேன். அது செத்த நேரத்தில் அதன் சொந்தக்காரர் சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் லுங்கி நெய்யும் பவர்லூம்கள். தறி நின்றுபோனால் ஓட வைப்பேன், கம்பெனியில் சோல் வார்க்கும் மெஷின் நின்றுபோனால் ஓட வைப்பேன். இந்த இரண்டு தகுதியை வைத்துக்கொண்டு, உலகத்தில் சுற்றுகிற எதுவும் எனக்குக் கட்டுப்படும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, பழைய ரேஸ் கார் எஞ்சின்களைப் பிரித்து மாட்டும் வெளிநாட்டு வீடியோக்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருந்தேன். (பார்த்ததோடு சரி. ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றியதில்லை.)

கூடவே உட்கார்ந்து அதே வீடியோக்களைப் பார்த்தவன் இம்தியாஸ், என் தோஸ்த். அவன் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். அவன் அப்பா வாஹித் பாய் இளவயதில் கார் பந்தயம் ஓட்டியவர். அவர் ஓட்டிய கார் தோல் குடோனின் பின்பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நாற்பது வருடமாக நின்றது. கூரையை வெட்டி, சீட்டுகளைப் பிடுங்கி, பந்தயத்துக்கென்று இளைக்க வைத்த குட்டி கார். குடோன் நாற்றத்துக்கு எலிகூட அண்டாது என்று இம்தியாஸ் பெருமையாகச் சொல்வான். (பொய். ஏர் ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே ஒரு கூட்டுக்குடும்பமே இருந்தது.)

வாஹித் பாயிடம் யார் போய்ப் பேசினாலும் ஒரு பந்தயக் கதை வரும். கடைசிச் சுற்று. முன்னால் ஒரே ஒரு கார். நேர் பாதையில் அதை எட்டிப் பிடித்துவிட்டார். இன்னும் ஒரு மூச்சு வேகம் இருந்தால் போதும்.

"ஆறாயிரம் தாண்டிச்சின்னா வால்வு மெதக்க ஆரம்பிச்சிரும் தம்பி. பவர் அப்டியே விட்டுப்போய்டும். ரெண்டாவதா வந்தேன்" என்பார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பார்.

வால்வு மிதப்பது என்றால் இதுதான்: எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டர் மேலேயும் பெட்ரோலும் காற்றும் உள்ளே போக ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. திறந்துவிட்ட வால்வை மறுபடி மூடுவது அதன் ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று, ஏழாயிரம் சுற்று என்று ஓடும்போது, பழைய ஸ்பிரிங்கால் அவ்வளவு வேகத்தில் மூட முடியாது. மூடுவதற்குள் அடுத்த திறப்பு வந்துவிடும். வால்வு திறந்ததும் இல்லாமல் மூடியதும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். இதற்கு இரண்டு மருந்து. ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டும், இல்லையென்றால் அது தூக்கிச் சுமக்கும் பாகங்களின் எடையைக் குறைக்க வேண்டும். இதை வீடியோவில் பார்த்த அன்றே நான் மானசீகமாக வாஹித் பாயின் பந்தயத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த வருடம் பாய்க்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இம்தியாஸைத் தனியாகக் கூப்பிட்டு, வருடக்கணக்கில் யோசிக்காதீர்கள், மாதக்கணக்கில் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பாய் எங்கள் இருவரையும் அழைத்து உட்கார வைத்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பந்தயப் பாதையில் பழைய பந்தயக் கார்களைச் சும்மா ஓட்டிக் காட்டும் நாள் ஒன்று வைக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"போட்டி கீட்டி ஒன்னும் வாணாம். இம்தியாஸ் ஓட்டட்டும். நான் ஓரமா குந்திகிட்டு சத்தம் கேக்கறேன். அது எப்டி இருந்திச்சோ அப்டியே ஓடினா போதும்" என்றார்.

அப்படியே ஓடினா போதும். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் இம்தியாஸிடம், "எட்டாயிரம் போற மாதிரி பண்ணிரலாம்டா. அப்பாகிட்ட சொல்லாத. சர்ப்ரைஸ்" என்றேன்.

"வண்டி தாங்குமா?"

"நான் இருக்கேன்ல."

எஞ்சினைச் சுத்தம் செய்து ஓட வைப்பதுவரை எந்தக் குறையும் இல்லை. அது நல்ல எஞ்சின். நாற்பது வருடம் தூங்கிவிட்டு, புது எண்ணெயும் புது பெட்ரோலும் ஊற்றிய மூன்றாவது முயற்சியிலேயே கிளம்பியது. அங்கேயே நான் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கடினமான ஸ்பிரிங்குகளைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். அவை அருமையான ஸ்பிரிங்குகள். (இதை இங்கே மட்டுமல்ல, எங்கே கேட்டாலும் சொல்வேன்.) அடுத்தது எடைக் குறைப்பு. ஸ்பிரிங்கின் தலையில் சின்னத் தொப்பி மாதிரி ஒரு வட்டத் தகடு உட்கார்ந்திருக்கும். வால்வின் கழுத்தையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அதுதான். அது கழன்றால் வால்வு நேராக சிலிண்டருக்குள் விழும். எட்டு வால்வுக்கு எட்டுத் தொப்பி. எல்லாம் இரும்பு. அதை அலுமினியத்தில் செய்தால் எடை பாதிக்குமேல் கம்மி என்று கணக்குப் போட்டேன்.

அதற்கென்று உறுதியான அலுமினியம் தனியாக இருக்கிறது என்று வீடியோவில் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். நான் பிற்பாடு மறுபடி போட்டுப் பார்த்தேன், இரண்டு முறை சொல்லியிருக்கிறார். எனக்கு அது காதில் ஏறவில்லை. எங்கள் கம்பெனியில் சோல் வார்க்கும் பழைய அலுமினிய அச்சுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அதில் லேடீஸ் செருப்பு அச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு டூல் ரூமுக்குப் போனேன்.

டூல் ரூமில் லேத் மெஷின் ஓட்டுபவர் ஏழுமலை. என்னைவிட இருபது வயது பெரியவர், ஆனாலும் என் பதவிக்காக என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். அச்சை அறுத்து லேத்தில் மாட்டிக் கடையத் தொடங்கியவர், பாதியில் மெஷினை நிறுத்தினார்.

"சார், இது இன்னாத்துக்கு?"

"ரேஸ் கார் எஞ்சினுக்குண்ணே."

கடைந்து விழுந்த சீவலை விரலில் எடுத்து நசுக்கினார். "வார்ப்பு ஐட்டம் சார் இது. உள்ள பொத்தல் பொத்தலா இருக்கும். சோலு வார்க்கறதுக்கு ஓகே. எஞ்சினுக்குள்ள போட்டா பேஜாராய்டும்."

"எல்லாம் கணக்குப் போட்டுட்டேன்ணே. அலுமினியம் அலுமினியந்தான்."

அவர் சீவலைத் தட்டிவிட்டார். பிறகு மெஷினைப் போட்டார். எட்டுத் தொப்பிகளையும் கண்ணாடி மாதிரி பளபளவென்று கடைந்து கொடுத்தார். அதில் ஒன்றின் ஓரத்தில், அச்சில் இருந்த பூ டிசைனின் ஒரு இதழ்கூட மங்கலாகத் தெரிந்தது. ராசியான அடையாளம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாட்டி முடித்து, குடோன் முற்றத்தில் ஐயாயிரம் வரை முடுக்கிப் பார்த்தோம். பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தோல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அதற்குமேல் முடுக்கவில்லை. எட்டாயிரத்தைப் பந்தயப் பாதையில்தான் திறக்க வேண்டும் என்று நானே ஒரு திறப்பு விழா வைத்துக்கொண்டேன். அதாவது, அந்தத் தொப்பிகள் எட்டாயிரத்தைத் தாங்குமா என்று பார்க்கும் முதல் சோதனையை என் நண்பனை உள்ளே உட்கார வைத்து நடத்துவது என்று முடிவு செய்திருந்தேன். அன்று அது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று இதை எழுதும்போது கை கூசுகிறது.

பழைய கார்களை ஓட்டிக் காட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இம்தியாஸின் அம்மா எல்லோருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். "பசங்களா, பத்திரம்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பாயை வேனில் ஏற்றி, இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களை வைத்து, காரை ஒரு லாரியில் கட்டிப் புறப்பட்டோம்.

பாதையில் பாயின் நாற்காலியை ஓரச் சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, மீசை இல்லாத தாடிக்கு அத்தர். கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். இம்தியாஸ் ஹெல்மெட்டை மாட்டும்போது நான் காதில் சொன்னேன்: "ரெண்டாவது ரவுண்டு, நேர் ரோட்டுல கால எடுக்காத. எட்டாயிரம் வரைக்கும் வுடு."

முதல் சுற்றை அவன் நிதானமாக ஓட்டினான். கார் எங்களைக் கடந்தபோது பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அதேதான்" என்றார். "அதே சத்தந்தான் தம்பி."

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் கையைக் காட்டி இம்தியாஸை நிறுத்தியிருக்கலாம். எனக்கோ, நான் செய்த சாதனை இன்னும் யாருக்கும் தெரியவில்லையே என்ற தவிப்பு.

"இருங்க பாய், அடுத்த ரவுண்டு கேளுங்க. உங்க காலத்துல கேக்காத சத்தம்."

பாய் கண்ணைத் திறந்தார். "இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

பதில் சொல்வதற்குள் கார் நேர் பாதைக்குத் திரும்பிவிட்டது. நான் வர்ணனையைத் தொடங்கினேன். "ஆறாயிரம் தாண்டிட்டான் பாய்... வால்வு மெதக்குதா பாருங்க? மெதக்கல... ஏழாயிரம்... இப்ப ஏழரை இருக்கும்..." அந்தச் சத்தம் ஊளையாகி, ஊளை மெலிந்து கம்பியாகி, என் மயிர்க்கால்கள் எல்லாம் எழுந்து நின்றன.

பிறகு, இரும்புப் பீரோவை மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம்.

காருக்கு அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சியது. கார் தன் எண்ணெயிலேயே வழுக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, டயர்கள் அடுக்கிய சுவரில் பக்கவாட்டில் மோதி நின்றது. முன்பக்கத்தில் குபீரென்று தீ.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வாஹித் பாய் எழுந்துவிட்டார். மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டிலிலிருந்து குளியலறைவரை நடக்கவே மூச்சு வாங்குகிற மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லியபடி ஏழெட்டு அடி ஓடினார். குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்குவதா, இம்தியாஸிடம் ஓடுவதா என்று தெரியாமல் நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் எதற்கும் உதவாத ஆள் என்பது மட்டும் தெரிந்தது.

தீயணைக்கிறவர்கள் இம்தியாஸை வெளியே இழுத்தார்கள். உயிரோடு இருந்தான். இடது தோள் எலும்பில் முறிவு. அதே கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொதிக்கிற எண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருந்தது. கட்டுப் போட்டு, தூக்கில் கையை மாட்டி, அப்பா பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பாய்க்கு மறுபடி ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அவர் மகனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காரையும் இழுத்து வந்தார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் என் முஷ்டி போகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக உடைந்த இரும்புத் தண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது, நான் ஸ்பானரை எடுத்து எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தேன். ஒரு தொப்பி நடுவில் பிய்ந்துபோயிருந்தது. பிடிமானம் போன வால்வு சிலிண்டருக்குள் விழ, பிஸ்டன் வந்து அதை மோதி, பிஸ்டன் நொறுங்கி, மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே போயிருக்கிறது. என்ன நடந்தது என்று முழுவதும் புரிந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று பாய் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"பாய், ஸ்பிரிங் எல்லாம் நல்லாருக்கு."

தீயணைக்க வந்த ஆள் ஒருவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அவர்கள் வேனில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு முன்னால் போக, நான் காரோடு லாரியில் பின்னால் போனேன். காவேரிப்பாக்கம் தாண்டும்போது இம்தியாஸிடமிருந்து போன். "அப்பா நிறுத்தச் சொல்றாரு. ஒன்னிய கூப்டறாரு."

வேன் ஓரமாக நின்றிருந்தது. ஏறி எதிர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன். பாய் மாஸ்க்கை இறக்கினார்.

"இவன் செத்திருந்தான்னா ஒன்னிய நான் மன்னிச்சிருக்க மாட்டேன். தெரிஞ்சிக்கோ."

"தெரியும் பாய்."

"எத்தினி போச்சி?"

"இன்னா பாய்?"

"ரெவ்வு. எத்தினி போச்சி?"

இம்தியாஸ்தான் சொன்னான். "ஏழாயிரத்து எட்டுநூறு பாத்தேன்பா. அப்புறம் பாக்கறதுக்கு மீட்டரு இல்ல."

பாய் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நான் ஆறாயிரமே போனதில்ல."

"வால்வு மெதக்கும்ல பாய். அதனாலதான் நான்..."

"வால்வும் மெதக்கல, ஒன்னும் மெதக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ரோட்டு முடிவுல ஒரு வளைவு. அதுக்கு மொத வாரந்தான் அங்க ஒருத்தன் செத்துப்போனான். காலைல எங்கூட டீ குடிச்சவன். அன்னிக்கி அந்த எடம் வந்ததும் கால் தானா எடுத்துகிச்சி. பயம். வூட்டுக்கு வந்து இவங்கம்மாகிட்ட வால்வு மெதந்துடிச்சின்னு சொன்னேன். அப்டியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

இம்தியாஸ் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தோள் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தான்.

"அப்பா, நீங்க சொன்ன பொய்ய ரிப்பேர் பண்றதுக்கு இவன் மூணு மாசம் ஒழைச்சிருக்கான்பா!"

"யாரு கேட்டா இவன?" என்றார் பாய். அவர் தோள்களும் குலுங்கின. "ஸ்பிரிங் நல்லாருக்காமே!" சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. மாஸ்க்கை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை.

திங்கட்கிழமை பிய்ந்த தொப்பியை ஏழுமலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திட்டுவார், நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உடைந்த இடம் முழுக்க ஊசிக்கண் போலப் பொத்தல்கள்.

"ஒரு தபாதான் சொன்னேன் சார். இன்னொரு தபா சொல்லியிருக்கணும்" என்றார்.

இம்தியாஸின் அம்மா என்னோடு பேசவில்லை. கட்டு மாற்ற அவனை அழைத்துப்போக நான் போனால், கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு மாதத்துக்குமேல் அப்படித்தான். என் ஸ்பிரிங் வசனத்தோடு பந்தயத்தின் உண்மையையும் அவன் வீட்டில் சொன்னபோது, "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு காலையில் பாயை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அம்மாவும் இம்தியாஸும் நின்றிருந்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். லங்ஸ் முழுவதும் போய்விட்டது. கிட்னியும் நிற்கப் போகிறது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவ்வளவையும் சொன்ன பிறகு, எதிரே நிற்கும் முகங்களைத் தாங்க முடியாமலோ என்னவோ, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா ஹார்ட் ரொம்ப நல்லாருக்கு."

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. இம்தியாஸ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட மூன்று பேரும் அந்த வராந்தாவில் நின்று சிரித்தோம். டாக்டர் ஒரு நர்ஸைக் கூப்பிட்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பாவம், அதிர்ச்சியில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

இரண்டாம் நாள் பாய் போய்விட்டார். நானும் தோள் கொடுத்தேன்.

என் ஸ்பிரிங் வாக்கியம் இன்று அந்த வீட்டின் சொத்து. இம்தியாஸின் தங்கை மாப்பிள்ளை ஸ்கூட்டரைப் புளியமரத்தில் மோதி வந்து நின்றபோது அதைத்தான் சொன்னார்கள். ஏற்றுமதிக்குப் போன தோல் மொத்தமும் திரும்பி வந்த அன்றும், இம்தியாஸ் எனக்குப் போன் செய்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். எனக்குக் கல்யாணமாகி, என் மனைவியை முதன்முதலாக அங்கே அழைத்துப்போனபோது, டீ வருவதற்கு முன்னால் கதை வந்துவிட்டது. இப்போது என் வீட்டிலும் சாம்பார் தீய்ந்தால் அதுதான்.

போன ரம்ஜானில் இஃப்தாருக்கு அழைத்திருந்தார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பெரிய தேக்சாவில் வைத்த பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. வாசல்வரை தீய்ந்த வாசனை. கூடம் நிறைய விருந்தாளிகள். அம்மா மேலாகக் கொஞ்சம் அள்ளித் தட்டில் போட்டு, நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"சாப்டு பேட்டா. ஸ்பிரிங் நல்லாருக்கு."

கூடமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இம்தியாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அந்தத் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.